நான்காவது மூலை

தண்டர் பேயில் ஜனவரி.
ஏரி உறைந்து கப்பல்கள் நின்றுவிட்டன.
பகலெல்லாம் கோதுமை வேகன்களை எடைபோடுகிறேன்;
இரவில், நிலவறையில்,
எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருங்கிய ஊருக்குக்
கட்டடம் எழுப்புகிறேன்.

லூத்தரன் தேவாலயத்தில் பழம்பொருள் விற்றபோது
நாலு டாலருக்குக் கிடைத்தது இந்தத் தீவனக் கிடங்கு.
டோரீன் பெட்டியைக் குலுக்கிக் காட்டினாள்:
"எல்லாம் இருக்கு. யாரோ பாதியில விட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

பாதியில்லை, முக்கால்.
மூன்று மூலை ஒட்டி முடிந்திருந்தது.
நான்காவதில் மட்டும் இரண்டு சுவரும்
பாகம் பிரியாத பங்காளிகள் போல
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன்.
முதல் மூலை தொண்ணூறு பாகை, சுத்தம்.
இரண்டாவது, மன்னிக்கலாம்.
மூன்றாவதில்தான் கை சறுக்கியிருக்கிறது:
மட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே
விளக்கு வெளிச்சம் ஒரு நகக்கண் அளவு உட்கார்ந்திருந்தது.
மூன்றில் செய்த பிழை
நான்கின் தலையில் வந்து விடிகிறது.

கத்தி முனையால் அந்த மூலையைப் பிரிக்கப் பார்த்தேன்.
ஒட்டு அசையவில்லை.
ஒரு விரற்கடை தள்ளி
சுவர்தான் பட்டென்று விரிந்தது.
பசை என்று பேர்தான் இதற்கு;
தொட்ட இடத்தையெல்லாம் உருக்கிவிடுகிறது.
இரண்டு பக்கமும் தன்னைக் கொஞ்சம் இழந்து
ஒன்றாய் இறுகினபின்
இது எங்கே முடிந்தது, அது எங்கே தொடங்கியது என்று
கத்திக்கே தெரியாது.

கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்தேன்.
ஒட்டிய மூலைக்கெல்லாம் முட்டுக் கொடுத்திருந்தது.
கடையில் விற்கும் சதுரக் குச்சிக்குப் பதிலாக
ரொட்டிப் பையின் வாயைக் கவ்வுமே,
அந்தச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்,
கூருக்குக் கூர் நறுக்கி வைத்தது.
ஒன்றில் பிப்ரவரி 3.
அடுத்ததில் பிப்ரவரி 12.
கோணலாய்ப் போனதில் பிப்ரவரி 21.
ஒன்பது நாளைக்கு ஒரு ரொட்டி.
ஒரே வாய்தான் அந்த வீட்டில்.
இல்லை, ரொட்டி பிடிக்காத ரெண்டு பேர்.
எனக்கென்ன தெரியும்?
எடை போடுவதோடு என் வேலை முடிகிறது,
வேகன் எங்கே போகிறதென்று கேட்பதில்லை.

பசை காயுமுன் அழுத்திப் பிடித்த கட்டைவிரல்
வெளிச்சுவரில் ரேகையோடு பதிந்திருந்தது.
உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, போய்விடும்.
தாளை மடித்தும்விட்டேன்.
பிறகு, அந்த இடத்தில் ஒரு ஏணி வைத்தால்
மறைந்துவிடும் என்று தோன்றியது.

இனி மூன்றைத் திருத்த வழியில்லை,
நான்குதான் வளைந்துகொடுக்க வேண்டும்.
கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து
சுவர் விளிம்பை எட்டு இழுப்பு.
பொருத்திப் பார்த்து, இன்னும் நாலு.
நாற்பத்தைந்து பாகை என்கிறது விளக்கத்தாள்;
எனக்கு வேண்டியிருந்தது நாற்பத்தேழோ என்னவோ,
அளக்கவில்லை.
ரப்பர் வளையம் இரண்டு மாட்டி
தூரிகை நுனியால் உட்புறத்தில் ஒரு சொட்டு.
இடுக்கைக் கண்டதும் அது தானே ஓடியது,
அடியிலிருந்து கூரை விளிம்புவரை,
வதந்தி போல.

முட்டுக் கொடுக்கக் குச்சி தேடினால்
டப்பா காலி.
கடை வியாழக்கிழமைதான் திறப்பார்கள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மாடியேறிப் போனேன்.
சமையலறை மேசையில் ரொட்டி.

ஜனவரி 28.

காலையில் மறுபடி மட்டம் வைத்தேன்.
ஒரு மூலைபோல இன்னொரு மூலை இல்லை.
ஆனாலும் கிடங்கு ஆடாமல் உட்கார்ந்தது.
கூரை ஒரு பக்கம் தூக்கத்தான் செய்யும்,
அது அடுத்த வாரத்துப் பாடு.

மேலே வெய்க்கோ,
இரவெல்லாம் காற்றில் காய்ந்த முதல் துண்டைப்
பறவைகளுக்கென்று எடுத்துவைத்துவிட்டு
பையின் வாயை முறுக்கி
அடியில் மடக்கி
ரொட்டியின் எடையையே அதன்மேல்
உட்காரவைத்துக்கொண்டிருந்தான்.

கிளிப் எங்கே என்று கேட்கவில்லை.